அக்காவின் கடைக்கு வந்த சிவப்புப் பக்கம்

"ஏன்டி, உங்க கம்பெனிக்காரனுங்களுக்கு வேற வேலையே இல்லியா?"

போனை எடுத்ததும் அக்கா இப்படித்தான் ஆரம்பித்தாள். ஹலோ கிடையாது, சாப்பிட்டியா கிடையாது. எங்கள் வீட்டில் கோபத்துக்கு முன்னுரை எழுதும் பழக்கம் யாருக்கும் இல்லை, எனக்கும் இல்லை.

"இன்னாக்கா ஆச்சு? மொதல்ல அதச் சொல்லு."

"கடையத் தொறந்தா செவப்பா வருது. இந்தத் தளம் உங்களை ஏமாற்றக்கூடும்னு எழுதியிருக்கு. நான் யாரடி ஏமாத்துனேன்?"

கடை என்று அவள் சொன்னது இணையதளத்தை. அன்று காலையில்தான் திறந்திருந்தாள். மதியத்துக்குள் யார் போனில் தட்டினாலும் முழுத்திரைக்கும் சிவப்பு, நடுவில் ஓர் எச்சரிக்கை, கீழே 'திரும்பிச் செல்க' என்ற பொத்தான். அந்தச் சிவப்பை நான் தினமும் பார்க்கிறவள். எனக்கு அது சம்பளம். அக்காவுக்கு அது கன்னத்தில் விழுந்த அறை.

அக்கா ஆம்பூருக்கு வெளியே ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருந்தாள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்த வேலைதான். ஷூவின் மேல்பாகத்தைத் தைப்பாள், அது இன்னொரு லைனுக்குப் போகும், அங்கே அடிப்பாகம் ஒட்டி, ஏதோ ஒரு வெளிநாட்டுப் பெயரைப் பொறித்துக் கப்பலேற்றிவிடுவார்கள். கம்பெனியை அவள் குறை சொல்ல மாட்டாள், சோறு போட்ட இடம் என்பாள். ஆனால் ஒரு குறை அவளுக்கு எப்போதும் இருந்தது. "தைக்கிறேன், தைக்கிறேன், எவ கால்ல போடுறாளோ, ஒருத்தி காலக்கூட நான் பாத்ததில்லடி" என்பாள்.

எங்கள் அம்மாவுக்குச் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி போய்விட்டது, ஆணி குத்தினாலும் தெரியாது. வேலூர் ஆஸ்பத்திரியில் மெத்தென்ற ரப்பர் வைத்த செருப்பு ஒன்று கொடுத்தார்கள். அது தேய்ந்தபோது அக்காவே அதைப் பிரித்துப் பார்த்து, அதே ரப்பரை வாங்கி, அம்மாவின் காலைத் தாளில் வரைந்து இன்னொன்று தைத்தாள். அப்புறம் அம்மாவுக்குத் தெரிந்தவர்கள் கேட்டார்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் கேட்டார்கள். அப்படியே பிடித்துக்கொண்டது.

கடைசியில் சம்பளமில்லாத லீவு போட்டுவிட்டு வீட்டிலேயே முழுநேரமும் உட்கார்ந்துவிட்டாள். லைன் சூப்பர்வைசர் நல்ல மனிதர். ஆயுத பூஜை வரைக்கும் அவளுடைய மிஷினை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பதாகச் சொன்னார். அதற்குள் வெளியூரிலிருந்தும் ஆர்டர் வரத் தொடங்கினால் அக்கா வீட்டிலேயே தைக்கலாம். வராவிட்டால் பழையபடி கம்பெனிக்குப் போக வேண்டியதுதான். தெரிந்தவர்களை மட்டும் நம்பி எத்தனை செருப்பு தைக்க முடியும்? அதற்காகத்தான் இந்தத் தளம். "திரும்பவும் அந்த லைன்ல போய் ஒக்காரக் கூடாதுடி, எனக்கு அவ்ளோதான் வேணும்" என்று என்னிடம் சொல்லியிருந்தாள்.

இப்போது என் வேலையைச் சொல்ல வேண்டும். வேலூரில் என் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து, போலித் தளங்களைப் பிடிக்கும் ஒரு கம்பெனிக்கு வேலை செய்கிறேன். அம்மா எல்லோரிடமும் "கம்ப்யூட்டர்ல திருடன் புடிக்கிறா" என்று சொல்லி வைத்திருக்கிறாள். உண்மையில் பிடிப்பது இயந்திரம். உலகத்தில் புதிதாக ஒரு தளத்தின் பெயர் பதிவானால், முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் காட்டுகிற பாதுகாப்புச் சான்றிதழ் ஒன்றை அதற்கு வாங்கினால், அது உடனே போய் மோந்து பார்க்கும். பெயர் எப்போது பிறந்தது, எந்தச் சர்வரில் குடியிருக்கிறது, வேறு யார் பெயரையாவது தன் பெயருக்குள் வைத்திருக்கிறதா, பக்கத்தைத் திறந்தால் என்ன கேட்கிறது, எல்லாவற்றையும் பார்த்து ஒரு மதிப்பெண் போடும். கம்மியாக வந்தால் விட்டுவிடும். ஜாஸ்தியாக வந்தால் தானே சிவப்பு அடித்துவிடும். ரெண்டுங்கெட்டானாக நடுவில் நிற்பவை மட்டும் என்னைப் போன்ற ஆட்களிடம் வரும்.

"எங்க கம்பெனியா இருக்காதுக்கா. இந்த வேலை செய்ய ஊர்ப்பட்ட கம்பெனி இருக்கு" என்று அவளைச் சமாதானப்படுத்திக்கொண்டே எங்கள் பட்டியலில் தேடினேன். இருந்தது. எங்கள் இயந்திரம்தான். நடுவில்கூட நிற்கவில்லை, நேராக உச்சிக்குப் போய் மாட்டியிருந்தது.

எனக்கு வந்த கோபத்தைக் கேட்கவே வேண்டாம். யாரைப் பார்த்துத் திருடி என்கிறது இந்தச் சனியன்? என் அக்காவையா? பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மறந்தால் கூப்பிட்டு வாங்குகிறவளையா? அப்படியே கொதித்துக்கொண்டு காரணங்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். படிக்கப் படிக்க என் கோபம் நிற்க இடமில்லாமல் போய்விட்டது.

முதல் காரணம் வயசு. தளத்தின் பெயர் அன்று காலையில்தான் பிறந்திருந்தது. எப்படி என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது, தலையில் அடித்துக்கொண்டேன். படம், விலை, விவரம் எல்லாம் எப்போதோ தயார். மாமாவின், அதாவது அக்கா வீட்டுக்காரரின், தோஸ்த் ஒருவர் ஆம்பூர் பஜாரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறார், அவர்தான் செய்து கொடுத்தார். ஆனால் ஆவணி முகூர்த்தம் வரும்வரை பெயரை வாங்கக் கூடாது என்று அக்கா அவரைப் பிடித்து வைத்திருந்தாள். முகூர்த்த நாள் வந்தது. நல்ல நேரம் ஆரம்பித்ததும் பெயரை வாங்கி, பூட்டை வாங்கி, தளத்தை ஏற்றி, சாமி படத்துக்கு முன்னால் போனை வைத்துக் கற்பூரம் காட்டியிருக்கிறாள். அதோடு விட்டாளா? லைன் குரூப், சொந்தக்காரர்கள் குரூப், கூடப் படித்தவர்கள் குரூப், அம்மாவின் ஆஸ்பத்திரி சிநேகிதிகள், ஒன்று பாக்கியில்லாமல் எல்லாவற்றுக்கும் லிங்க்கை அனுப்பி, "நல்ல நேரம் முடியறதுக்குள்ள எல்லாரும் ஒருதரம் தொறந்து பாத்துடுங்க" என்று எழுதியிருக்கிறாள். கடை திறப்புக்குக் கூப்பிட்டால் போகாமல் இருப்பார்களா? மொத்த ஜனமும் திறந்திருக்கிறது.

திருடனும் இதையேதான் செய்வான். சாயங்காலத்துக்குள் மாட்டிக்கொள்வோம் என்று அவனுக்குத் தெரியும், அதனால் பெயர் வாங்குவது, பூட்டு வாங்குவது, ஊரெல்லாம் லிங்க்கை இறைப்பது, எல்லாம் ஒரே மூச்சில் முடித்துவிடுவான். பஞ்சாங்கம் பார்க்க மாட்டான், அவ்வளவுதான் வித்தியாசம். அது இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்?

இரண்டாவது காரணம் பெயர். எங்கள் பக்கத்தில் இந்த மெத்துச் செருப்பை யாரும் வேறு பெயரில் சொல்வதில்லை. அந்த ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லி, பின்னால் செருப்பு என்று சேர்த்துக்கொள்வார்கள். கணியம்பாடியில் கேட்டாலும் சரி, திருப்பத்தூரில் கேட்டாலும் சரி, அப்படித்தான். அக்காவும் அதையே தளத்தின் பெயராக வைத்துவிட்டாள். உலகம் முழுக்கத் தெரிந்த ஆஸ்பத்திரியின் பெயர், அதுவும் ஆஸ்பத்திரிக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு தளத்தில். மேலே அழகுக்கென்று அந்த ஆஸ்பத்திரிக் கட்டிடத்தின் படம் வேறு. அதற்குக் கீழே ஒரு படிவம்: பெயர், போன் நம்பர், நோயாளி சீட்டில் இருக்கும் ஆஸ்பத்திரி நம்பர்.

"ஆஸ்பத்திரி நம்பர எதுக்குக்கா கேட்ட?" என்று போனிலேயே கத்தினேன்.

"டாக்டர் இன்னா எழுதியிருக்காருன்னு தெரிய வேணாமா? காலுக்கு ஏத்தாப்ல தைக்கணுமில்ல?"

"நம்பர வச்சு நீ எப்படிப் பாப்ப?"

"சரி, இருக்கட்டும்னு கேட்டேன்" என்றாள்.

இதற்கு மேல் கம்மி விலைக்குக் கிடைத்தது என்று மாமாவின் தோஸ்த் ஒரு சர்வரில் இடம் பிடித்துக் கொடுத்திருந்தார். அதே சர்வரில் முன்பு ஒரு போலி லாட்டரித் தளமும் ஒரு போலிக் கூரியர் தளமும் குடியிருந்து பிடிபட்டிருந்தன. அந்தப் பக்கத்தை யாருடையது என்று தெரியாமல் என் முன்னால் வைத்திருந்தால் நானே இரண்டாம் யோசனை இல்லாமல் சிவப்பு அடித்திருப்பேன்.

அந்த வாரமே ஆம்பூருக்குப் போனேன். கூடத்தில் தையல் மிஷினுக்கு முன்னால் அக்கா உட்கார்ந்திருந்தாள், தைக்கவில்லை. லைன் குரூப்பில் யாரோ சிவப்புப் பக்கத்தைப் படம் பிடித்துப் போட்டு, "அக்கா, இது போலீஸ் கேஸ் ஆவுமா?" என்று கேட்டிருந்தார்களாம். அதற்குக் கீழே பாவம் பார்த்து அழுகிற பொம்மைகள் வேறு. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. மாமா டீ வாங்கி வருகிறேன் என்று நழுவிவிட்டார். இந்த மாதிரி நேரத்தில் அவர் ரொம்பப் புத்திசாலி.

"நீ அங்கதான இருக்க? ஒரு பட்டன அமுக்கி வுடேன்" என்றாள் அக்கா.

"முடியாதுக்கா. சொந்தக்காரங்க சமாச்சாரத்துல நான் கையே வைக்கக் கூடாது. அது ரூல்."

"ரூல் இல்லன்னா வுட்டுடுவியா?"

பொய் சொல்லியிருக்கலாம். எனக்குத்தான் வாய் நிற்காதே. "மாட்டேன்" என்றேன்.

"அப்போ நீயும் என்ன நம்பல."

"உன்ன நம்பறேன்க்கா. உன் சைட்ட நம்ப மாட்டேன்!"

அவள் முகம் சுண்டிப்போய்விட்டது. எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. கோபமாக இருக்கும்போது அக்கா ஒரு பெரிய மனுஷி, முகம் சுண்டினால் சின்னப் பிள்ளை. பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"சரி, இதுக்குப் பதில் சொல்லு. நம்ம வீட்டுப் பொண்ணக் கேட்டு ஒருத்தன் வர்றான். அந்தத் தெருவுக்கு அன்னிக்குக் காலையிலதான் குடி வந்திருக்கான். அவன் பக்கத்து வீட்ல இருந்த ரெண்டு பேரும் ஜெயிலுக்குப் போனவனுங்க. பெரிய டாக்டர் எங்களுக்குச் சொந்தம்னு சொல்லிக்கிறான், டாக்டரக் கேட்டா யாருன்னே தெரியாதுங்கறாரு. வந்ததும் வராததுமா பொண்ணோட ஆதார் நம்பரக் கேக்கறான். போற வழியில ஊர்ல இருக்கிற எல்லா வீட்டுக் கதவையும் தட்டிட்டுப் போறான். நீ பொண்ணு குடுப்பியா?"

"தொடப்பக்கட்டையாலயே அடிப்பேன்" என்றாள் அக்கா, யோசிக்காமல்.

சொல்லிவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அடிப்பாவி! அது நானாடி?"

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. எனக்கும். மாமா டீயோடு திரும்பி வந்தபோது இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தோம், அவர் வாசலிலேயே நின்று நிலவரம் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

அதற்குப் பிறகு வேலை நடந்தது. ஆஸ்பத்திரிப் படம் போனது. ஆஸ்பத்திரி நம்பர் போனது. அந்தப் படத்தின் இடத்தில் அக்கா மிஷினில் உட்கார்ந்திருக்கும் படம் வந்தது, அதற்காகவே இருப்பதில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டாள். ஏற்கெனவே இருந்த போன் நம்பரோடு வீட்டுத் தெரு, செருப்பு சரியில்லை என்றால் திருப்பி அனுப்பலாம் என்ற வாக்கியம், எல்லாம் போட்டோம். குடியிருக்க வேறு நல்ல சர்வர் பார்த்தோம். பெயர் மட்டும் மாட்டிக்கொண்டது. பழைய பெயரில் ஆஸ்பத்திரி இருக்கும்வரை எதைச் சரிசெய்தும் பலனில்லை. மாமா இன்டர்நேஷனல் என்று முடிகிற மாதிரி ஏதோ சொன்னார், இரண்டு பேரும் அவரைப் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டார்.

"உன் பேரயே வையிக்கா" என்றேன்.

"போடி பைத்தியமே. என் பேரப் பாத்து எவன் வாங்குவான்? கம்பெனி ஷூவுக்கு அந்த வெள்ளக்காரன் பேர் இருக்கு. இதுக்கு ஆஸ்பத்திரி பேர் இருக்கு. என்ன எவனுக்குத் தெரியும்?"

"தெரியட்டும். இன்னா கொறஞ்சு போச்சு?"

கேட்கவில்லை. நான் வேலூருக்குத் திரும்பிய பிறகும் போனில் இதே பேச்சுதான். ஒருநாள் அவளே கூப்பிட்டாள். சூப்பர்வைசர் கேட்டிருக்கிறார், வருகிறாளா இல்லையா என்று, ஒரு புதுப் பெண் மிஷினுக்காகக் காத்திருக்கிறாளாம். "சரி, வச்சுத் தொல. என் பேர்தான, வச்சுத் தொல" என்றாள்.

நல்ல நேரத்தை மட்டும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. நானும் விடச் சொல்லவில்லை. பெயரை நல்ல நேரத்தில் வாங்கு, வாங்கிவிட்டுச் சும்மா இரு, பிறந்த குழந்தையை உடனே பந்தியில் உட்கார வைக்காதே என்றேன். அதை எப்படியோ ஏற்றுக்கொண்டாள். கொஞ்ச நாள் பெயர் வெறுமனே கிடந்து வயசானது. பிறகு தளத்தை ஏற்றினோம். குரூப்பில் அனுப்பாமல், ஒவ்வொருவரையாகக் கூப்பிட்டு நலம் விசாரித்துவிட்டு லிங்க் கொடுத்தாள். பேஜார் பிடித்த வேலை, ஆனால் அவளுக்குப் பேசுவதென்றால் கசக்குமா?

அப்படியும் ஒரு சிக்கல். சிவப்பு வாங்கிய பழைய தளத்தில் இருந்த அதே போன் நம்பர்தான் புதிய தளத்திலும் இருந்தது. இயந்திரம் அதை மறக்குமா? இந்த முறை உச்சிக்குப் போகவில்லை, நடுவில் கொண்டுபோய் நிறுத்தியது. நடுவில் நிற்பவை எங்கே வரும்? காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால் என் வரிசையில் முதலாவதாக அக்காவின் பெயர். ஒரு பட்டன்தான். ஆயுத பூஜை அடுத்த வாரம். கை அந்தப் பக்கம் போனது உண்மை. பிறகு, இவர் என் உடன்பிறந்தவர் என்று குறிப்பு எழுதி, வேறு ஊரிலிருக்கும் ஒரு சக ஊழியருக்குத் தள்ளிவிட்டேன். அந்த அம்மாள் ரொம்பக் கறார், பல்லைக் கடித்துக்கொண்டுதான் தள்ளினேன்.

அவர் அக்காவிடமே நேராகப் பேச வேண்டும் என்று சொல்லிவிட்டார். அந்தச் சனிக்கிழமை நான் ஆம்பூரில் இருந்தேன். தளத்தில் இருந்த நம்பருக்கே வீடியோவில் கூப்பிட்டார். கறார் அம்மாளின் முகத்தைப் பார்த்ததும் அக்கா எழுந்து நின்றுவிட்டாள்.

"வணக்கங்க. உங்க பேர் சொல்லுங்க."

அக்கா மாமாவின் பெயரைச் சொல்லி, அவர் சம்சாரம் என்றாள்.

"அது சரிங்க. உங்க பேர்?"

"தையல் லைன்ல இருக்கேங்க. ஸ்டிச்சிங்."

"உங்க பேரம்மா?"

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். பெயர் தெரியாமலா? கூச்சம். அவளுடைய பெயரைக் கேட்டு அவளுக்குப் பழக்கமே இல்லை. வீட்டில் அக்கா, அண்ணி, அம்மா. கம்பெனியில் லைன் நம்பர். நானும் பிறந்ததிலிருந்து ஒருதரம்கூட அவளைப் பெயர் சொன்னதில்லை, சொன்னால் அம்மா உதட்டிலேயே போடுவாள். "சொல்லுக்கா" என்று தோளைத் தட்டினேன். அப்புறம் தலைப்பெழுத்தோடு முழுப்பெயரையும் சொன்னாள், பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவுக்குச் சொல்வதுபோல.

அதற்குப் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. அந்த அம்மாள் செருப்பைக் காட்டச் சொன்னார், காட்டினாள். புரட்டிக் காட்டினாள், ரப்பரை அமுக்கிக் காட்டினாள், பின்பக்கம் ஏன் வார் வேண்டும், முன்பக்கம் ஏன் விரல் இடுக்கில் பட்டை இருக்கக் கூடாது என்று வகுப்பே எடுத்தாள். எதிர்ப்பக்கம் ஒரு சிரிப்புகூட இல்லை. தெரு எது, எத்தனை பேர் தைக்கிறீர்கள், பழைய தளத்தை ஏன் மூடினீர்கள் என்று கேட்டுக்கொண்டே போனார். கடைசிக் கேள்விக்கு அக்கா, "புத்தி கெட்டுப்போய் ஆஸ்பத்திரி பேர வச்சுட்டேங்க, எங்க பக்கம் அப்படித்தான் சொல்வோம்" என்றாள். பார்த்துச் சொல்கிறோம் என்று போனை வைத்துவிட்டார்.

சாயங்காலம் தகவல் வந்தது. மதிப்பெண்ணை நடுவிலிருந்து கீழே இறக்கிவிட்டார்கள். சந்தேகத்துக்கு இடமில்லை. அக்காவின் போனில் தட்டினேன். வெள்ளையாக, தடங்கல் இல்லாமல் திறந்தது, மேலே அவள் பெயர், நல்ல புடவையில் அவள். ஆர்டர்கள் என்ற இடத்தில் ஒன்றுமில்லை, காலி.

அக்கா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்து போனை வாங்கி, சூப்பர்வைசரைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, அந்த மிஷின அந்தப் பொண்ணுக்கே குடுத்துடுங்க. ஆயுத பூஜை வரைக்கும் வச்சிருக்க வேணாம். ஆமாண்ணே, நல்லா யோசிச்சுட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இன்னாக்கா பண்ணிட்ட! ஒரு ஆர்டர்கூட வரலியே!"

"வரும்டி. யாரையும் நம்பாத உங்க மிஷினே என்ன நம்பிடுச்சு. மனுஷன் நம்ப மாட்டானா?"

"அது உன்ன நம்பலக்கா. உன்மேல சந்தேகப்பட ஒண்ணும் கெடைக்கல, அவ்ளோதான்."

"அது போதாதா? உங்க மாமாவக் கட்டிக்கினு இத்தன வருஷம் ஆச்சு, அந்த மனுஷனப் பத்தி என்னால அவ்ளோகூட சொல்ல முடியாது."

"காதுல வுழுது" என்றார் மாமா உள்ளேயிருந்து.

சிரித்தேன். ஆனால் பயமாகவும் இருந்தது. இருந்த வேலையும் போய்விட்டது, ஆர்டரும் இல்லை. இந்தப் பொம்பளைக்கு எங்கேயிருந்து இவ்வளவு தைரியம் வருகிறது என்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. எங்கள் வீட்டில் அதெல்லாம் வழக்கமில்லை. அவள் மிஷினில் உட்கார்ந்து தோலை எடுத்து ஊசிக்குக் கீழே வைத்தாள்.

"யாருக்குத் தைக்கிற?" என்றேன்.

"தெரியல. செருப்பு வார் மட்டும் தைச்சு வைக்கிறேன். கால் வரும்" என்றாள்.